இரண்டாவது கிளிப்புக்குப் பின்னால் ஒரு கோடு

பிப்ரவரி 3, செவ்வாய்

"படம் நல்லா இருக்கு. பேட்டர்ன் எங்க?"

வகுப்பில் மேடம் இன்று கேட்டது. போன வாரமும் இதையேதான் கேட்டார். போன வாரம் முழித்த அதே முழியை இன்றும் முழித்தேன்.

எனக்கு நிஜமாகவே புரியவில்லை. ஒரு துணி கிளிப் வரைகிறேன். பக்கத்தில் இன்னொன்று. கீழே இரண்டு. தாள் முழுக்கக் கிளிப். இது பேட்டர்ன் இல்லையா? இல்லையாம். "நீ அடுக்கி வெச்சிருக்க. அடுக்கறது வேற, ஓடறது வேற" என்கிறார். கிளிப் எங்கே ஓடும்? கொடியில் மாட்டினால் அங்கேயே கிடக்கும்.

எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா என்றுதான் இந்த நோட்டு. எங்கள் டிசைன் காலேஜில், துணியிலும் தாளிலும் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைப் போடக் கற்றுத்தரும் பேட்டர்ன் பிரிவில் எட்டே இடம். நாங்கள் முப்பத்தொரு பேர். மார்ச் நடுவில் தேர்வு. கிடைக்காதவர்களில் பாதிப் பேர் பேக்கேஜிங்குக்குப் போவார்கள். எங்கள் பேச்சில் அது டப்பா பிரிவு. இரண்டு வருஷம் படித்த கணக்கியலைப் பாதியில் விட்டுவிட்டு, "எனக்கு பேட்டர்ன்தான் வரும்" என்று அப்பாவிடம் மல்லுக்கு நின்று வந்தவள் நான். அக்கா நடுவில் புகுந்து "என்கூட இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன்" என்றதால் விட்டார். பேட்டர்ன் கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து பழைய படிப்பை முடிக்க வேண்டும் என்று சொல்லியும் வைத்திருக்கிறார்.

எனக்கு பேட்டர்ன்தான் வரும் என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன்?

பிப்ரவரி 5, வியாழன்

கத்தரிக்கோல் காணோம். அக்கா அதால் பால் பாக்கெட் வெட்டியிருக்கிறாள். என் தாளெல்லாம் பிசுபிசு.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று முறைப்படி செய்தேன். மேடம் சொல்லித்தந்த வழி இதுதான்: உள்ளங்கை அளவு கட்டம் ஒன்று. ஓரங்களைத் தொடாமல் நடுவில் மட்டும் வரைய வேண்டும். பிறகு அதை நாலாக வெட்டி, வலது துண்டை இடதுக்கும், மேல் துண்டைக் கீழுக்கும் மாற்றி, செலோடேப் போட்டு ஒட்ட வேண்டும். அப்போது ஓரத்தில் இருந்த வெறுமை நடுவுக்கு வந்துவிடும். அதில் மீதியை வரைந்து நிரப்ப வேண்டும். அப்புறம் அந்தக் கட்டத்தை எத்தனை தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஓரம் ஓரத்தோடு சேர்ந்துகொள்ளும்.

முதல் தடவை துண்டுகளை மாற்றும்போது ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டேன். கிளிப்புக்கு வாய் ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். இரண்டாவது தடவை சரியாக வந்தது. ஜெராக்ஸ் எடுத்து இருபத்துநாலு கட்டங்களைத் தரையில் பரப்பினேன்.

நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். ஐயோ.

ஒரு கட்டத்தில் கண்ணுக்கே தெரியாத சின்ன இடைவெளி, இருபத்துநாலு கட்டம் சேர்ந்ததும் மூலைக்கு மூலை நீளச் சந்தாகி விழுந்திருக்கிறது. சைக்கிளே ஓட்டலாம். மேடம் இதைத்தான் "சந்து விழுது" என்பார். இவ்வளவு நாளும் அவர் ஏதோ சொல்கிறார், நானும் கேட்கிறேன் என்று இருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

சந்தை அடைக்க ஒரு கிளிப்பை நகர்த்தினேன். சந்து இந்தப் பக்கம் போனது. இன்னொன்றை நகர்த்தினேன். இரண்டு சந்து.

சுருட்டை வந்து பார்த்தாள். என் வகுப்பில் எனக்கு இருக்கும் ஒரே தோழி. தலைமுடி அப்படி, அதனால் பெயரும் அப்படி. "விடு, இங்க கடை போட்டுக்கலாம், நல்ல முக்குச் சந்து" என்றாள். அவளுக்கு இதெல்லாம் வந்துவிடுகிறது. இலை இலையாகப் போடுகிறாள், அது பாட்டுக்கு ஓடுகிறது. எப்படி என்று கேட்டால் "தெரியல, கை போகுது" என்கிறாள். எனக்கு மட்டும் கை ஏன் போக மாட்டேன் என்கிறது?

பிப்ரவரி 17, செவ்வாய்

நகர்த்திப் பார்த்ததெல்லாம் தோல்வி. அவசர அவசரமாக வீட்டு ஸ்கேனரில் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்த பழைய கட்டத்தையே வைத்து எடுத்து, கறுப்பைக் கூட்டி, மூன்று மடங்கு பெரிதாக்கி, ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் இருபத்துநாலு பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டேன். வியாழன் எல்லாரும் சுவரில் மாட்ட வேண்டும்.

ஒரு விஷயம். தரையில் பரப்பியபோது இருந்த சந்து, பிரிண்டில் அவ்வளவாகத் தெரியவில்லை. நான் எதையும் மாற்றவே இல்லையே. பெரிதாக்கியதால் இருக்கும். போனது போகட்டும், தோண்டித் துருவ நேரமில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கே நம்பிக்கை இல்லை.

மேடம் சுவர் சுவராகப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் முக்கால் மேடம். எதைக் காட்டினாலும் "முக்கால்வாசி வந்துடுச்சு" என்பார். மீதிக் கால்வாசியை இதுவரை ஒருவரும் கண்டதில்லை. என் சுவருக்கு வந்தார். நின்றார். பின்னால் நாலடி போனார். மறுபடி கிட்ட வந்தார்.

"இந்தக் கோடு," என்றார். "இதுதான். இப்பதான் ஓடுது. இத்தனை நாள் உன் கை விறைச்சுக்கிட்டே இருந்துச்சு. இந்தக் கோட்டுல முதல் தடவையா தளர விட்டிருக்க."

நான் தலையாட்டினேன்.

எந்தக் கோடு என்று எனக்குத் தெரியாது. தாள் முழுக்கக் கோடுதான். ஆனால் முப்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், முக்கால் மேடம் பாராட்டுகிறார், அந்த நேரத்தில் "எது மேடம்?" என்று கேட்க எந்த மடையனுக்கு மனசு வரும்? "தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

அதே கோட்டை வைத்து இன்னும் மூன்று பேட்டர்ன், ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டும், மார்ச் 16க்குள். உத்தேசப் பட்டியலும் ஒட்டியாகிவிட்டது. நான் எட்டாவது. எட்டு! சுருட்டை ஒன்பது. அவள் இலைகள் அளவுக்கு மீறி அழகாக இருக்கின்றன என்கிறார் மேடம்.

எல்லாரும் போன பிறகு கிட்டப் போய்த் தேடினேன். இருக்கிறது. இரண்டாவது கிளிப்புக்குப் பின்னாலிருந்து கிளம்பி, ஒரு சுழி சுழித்து, கீழ் ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. மெல்லிசுக் கோடு. அழகாகத்தான் இருக்கிறது.

இதை நான் எப்போது வரைந்தேன்?

பிப்ரவரி 20, வெள்ளி

அசல் தாளைப் பார்க்கலாம் என்றால், அதன் மேல் புதன்கிழமையே கறுப்பு மை பூசி வேறு சோதனைக்கு எடுத்துவிட்டேன். பென்சில் வழுக்கியிருக்கும். வேறு என்ன? தானாக எப்படி வரும்? நான்தான் வரைந்திருக்கிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அந்தக் கோடு மறுபடி வரவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

நூற்றுநாற்பது தடவை. எண்ணினேன். வலது கை, இடது கை, கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலைக் குச்சியில் கட்டி, ஓடுகிற பஸ்ஸில். பஸ்ஸில் வரைந்தது நடுக்கமாக வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொன்றும் "நான் இயல்பாக இருக்கிறேன் பார்" என்று பாசாங்கு செய்கிற கோடு.

"வரைஞ்சவளுக்கே வரலயா?" என்றாள் சுருட்டை. கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அதுதான் குத்தியது. அன்றைக்கு மட்டும் என் கைக்கு என்ன வந்தது? ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விட்டால் அது என்னுடையதா? இனி ஒவ்வொரு தடவையும் அது வரும் என்று காத்துக்கொண்டு உட்கார வேண்டுமா? இப்படியேவா வாழ்நாள் முழுக்க? தலை சுற்றுகிறது.

மார்ச் 1, ஞாயிறு

அக்காவைப் பற்றி இங்கே இன்னும் சரியாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். என் தாள்களை அவள் பார்ப்பதே இல்லை, "பகல் பூரா கறுப்பு வெள்ளை பார்த்துட்டு வரேன், வீட்லயுமா?" என்பாள். இன்று விடுமுறை. கதவுக்குப் பின்னால் நான் மாட்டியிருக்கும் பிரிண்ட் முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி, இந்த முடிய ஏன்டி வரைஞ்ச?"

"எந்த முடி?"

"இதோ. இது முடிதானே?"

"அது கோடு. மேடமே பாராட்டின கோடு."

"கோடுமில்ல ஒண்ணுமில்ல. முடி."

அவளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சடையைத் தூக்கிக் கட்டச் சொல்வதுதான் முதல் வேலை. நெஞ்சுப் படத்தில் சடை விழுந்தால் நுரையீரலில் ஏதோ இருப்பது போலத் தெரியுமாம். சேர்ந்த புதிதில் ஒரு தடவை கவனிக்காமல் விட்டு, ஒரு பெண்மணியை அனாவசியமாகப் பயமுறுத்தி, டாக்டரிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதிலிருந்து எந்தப் படத்திலும் அவள் கண் முதலில் முடியைத்தான் தேடும்.

"மேல் நுனியைப் பெருசு பண்ணிக் காட்டு," என்றாள். காட்டினேன். நுனியில் வெளிறிப்போன ஒரு சின்னக் குமிழ். "வேர். நெத்தியோரத்து முடி, தானா விழுந்தது. உன்னோடதோ என்னோடதோ. ஸ்கேனர் கண்ணாடியத் துடைக்கவே மாட்டியா நீ?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் நான் மட்டும் அழுதேன். அய்யோ, எல்லாரும் என்னைப் பார்த்தாங்களே, தேங்க்ஸ் வேற சொன்னேனே, நூத்தி நாப்பது தடவ ஒரு முடிய வரையப் பார்த்திருக்கேனே...

மார்ச் 2, திங்கள்

எட்டாவது இடம் எனக்கா, முடிக்கா?

மார்ச் 5, வியாழன்

செய்யக் கூடாததைச் செய்து பார்த்தேன். சீப்பிலிருந்து முடி எடுத்து ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தேன். நான் வைத்ததும் அதுவும் விறைத்துக்கொள்கிறது! சரி என்று கொஞ்சம் உயரத்திலிருந்து போட்டேன். முப்பது நாற்பது தடவை போட்டதில் மூன்று நன்றாகவே விழுந்தன. குடும்பம் என்றால் குடும்பம், அச்சு அசல். மூன்று பேட்டர்னும் தயார். மேடம் கேட்டது இதுதான். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு "தேர்வு முடியறதுக்குள்ள நமக்கு வழுக்கை விழுந்துடும்" என்று போய்விட்டாள். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் பேச வேண்டியது அவள்தானே, ஏதாவது சொல்லக் கூடாதா?

மார்ச் 7, சனி

சுருட்டையிடம் சொல்லிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மேடம்கிட்ட சொல்லப்போறியா?"

"தெரியல."

"சொல்லாத. நல்லா இருக்குல்ல? இருக்குன்னா விடு. நானும்தான் கை போற போக்குல போடறேன், யாருக்கு விளக்கம் சொல்றேன்?"

நான் விலகினால் எட்டாவது இடம் அவளுக்குத்தான். அவளே சொல்லாதே என்கிறாள். எனக்காகச் சொல்கிறாளா, தன்னால்தான் நான் இடத்தை இழந்தேன் என்று ஆகிவிடக் கூடாதே என்று சொல்கிறாளா? அல்லது நிஜமாகவே முடியும் கையும் ஒன்றுதானா? சிலர் மையைச் சொட்டவிட்டு பேட்டர்ன் செய்கிறார்கள், அது மட்டும் எப்படிச் சரி? ஆனால் அவர்கள் சொட்டியதைப் பார்த்தார்கள். நான் பார்க்கக்கூட இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலை வகுப்புக்கு முன்னால் மேடம் அறையில். பிரிண்டை மேசையில் விரித்து, "இது நான் வரைஞ்ச கோடு இல்ல மேடம், ஸ்கேனர்ல கிடந்த முடி" என்றேன். ஒரே மூச்சில். அவர் மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"வேர்கூட இருக்கு," என்றார்.

"ஆமா மேடம்."

"ஸ்கேன் பண்ணின. பெருசாக்கின. இருபத்துநாலு தாள் ஒட்டின. ஒரு தடவைகூடக் கண்ணுல படலயா?"

"படல மேடம்."

"நான் காட்டினப்போ?"

"எந்தக் கோடுன்னு தெரியல. தலையாட்டிட்டேன்."

பூதக்கண்ணாடியை மூடி வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது. கோபமா, வெட்கமா, இரண்டுமா? "முடின்னா என்ன, நல்லாத்தான் இருக்கு. நீ பார்க்கலங்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "நானும்தான் வகுப்பு நடுவுல நின்னு ஒரு முடிக்குப் பிரசங்கம் பண்ணியிருக்கேன்."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "பதினாறாம் தேதி ஒரே ஒரு பேட்டர்ன் கொண்டு வா. நீ பார்த்துப் போட்டது மட்டும் இருக்கணும்" என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. உண்மையைச் சொல்லி என்னத்தைக் கிழித்தேன் என்றுதான் இருந்தது.

மார்ச் 12, வியாழன்

முடியை அழித்தேன். ஒரே ஒரு முடி, அழிக்க ஒரு நிமிஷம். இருபத்துநாலையும் திரையில் சேர்த்துப் பார்த்தால், சந்து! மூலைக்கு மூலை, பழைய சந்து, அப்படியே.

அப்படியானால் அது போகவே இல்லை. முடி குறுக்கே விழுந்து அதை மறைத்திருக்கிறது. அந்தக் கோடு அழகாக இருந்ததால் மேடம் நிற்கவில்லை. சந்தின் குறுக்கே, கண் தாண்டிப் போகிற இடத்தில் கிடந்ததால்தான் நின்றார். கீழே அது முடிகிற இடத்துக்கு நேரே அடுத்த கட்டத்தின் முடி தொடங்குகிறது. நூற்றுநாற்பது தடவை நான் கோட்டின் வளைவைத்தான் வரைந்தேன். அது எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை.

நான் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேனா? இதுவும் இன்னொரு தலையாட்டலா?

மார்ச் 14, சனி

மூன்றாவது கிளிப்பைத் திறந்த வாயாக வரைந்து சந்துக்குள் சாய்த்தேன். அது போதவில்லை. இரண்டாவதன் கம்பிச் சுருளைக் கொஞ்சம் நீட்டினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வெட்டி, ஒட்டி, பரப்பி, நாற்காலி ஏறி. ஒன்பது தடவை. விறைப்பு அப்படியேதான் இருக்கிறது. என் கை விறைப்பான கை போலிருக்கிறது, என்ன செய்ய?

சாயங்காலம் அக்காவை வாசல் பக்கம் நிற்க வைத்துக் கேட்டேன். "கண்ணு எங்க போய் நிக்குது?"

ரொம்ப நேரம் பார்த்தாள். "எங்கயும் நிக்கல."

நல்லதா கெட்டதா என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

மாட்டினேன். மேடம் வந்தார், நாலடி பின்னால் போனார், ஏதோ எழுதிக்கொண்டார், அடுத்த சுவருக்குப் போனார். "முக்கால்வாசி" என்றுகூடச் சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

எட்டு — சுருட்டை. ஒன்பது — நான்.

சுருட்டை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் தட்டிக்கொடுத்தேன், "உனக்குத்தான்டி கிடைக்கணும்" என்றேன். பொய். பொறாமையாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது அவள் மேல், மேடம் மேல், அந்த முடி மேல், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத என் மேல், எல்லார் மேலும் கோபம்.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் பேசினாள். நான் கதவோரம் நின்றேன். துணிகளைக்கூட மடித்து வைத்துவிட்டேன்.

"பேட்டர்ன் கிடைக்கலப்பா. பேக்கேஜிங் கிடைச்சிருக்கு."

"அப்படின்னா?"

"டப்பா, அட்டைப்பெட்டி, உறை... அதெல்லாம் வடிவமைக்கறது."

அப்பா உடனே, "டப்பாவா? அத முதல்லயே சொல்லக் கூடாதா? டப்பான்னா எனக்குப் புரியுது. உலகத்துல எல்லாம் டப்பாலதான் வருது. படிக்கட்டும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் தப்பித்தேன். ஆனால் எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது? நான் விரும்பியதை ஒரு நாளும் புரிந்துகொள்ளாதவர், நான் விரும்பாததை ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டார். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை.

கடைசியாக மாட்டிய இருபத்துநாலு தாள்களையும் குப்பையில் போடப் போனேன். அக்கா பிடுங்கிக்கொண்டாள். எக்ஸ்ரே அறைக் கூரையில் ஒட்டப்போகிறாளாம். "மேல பார்க்க ஒண்ணும் இல்லாம எல்லாரும் நெளியறாங்க. அசைஞ்சா மறுபடி எடுக்கணும்." செய்துகொள் என்றேன். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூன் 18, வியாழன்

டப்பா பிரிவில் இரண்டாவது வாரம். மூடி சரியாக உட்காராத ஒரு பெட்டியோடு மூன்று நாளாகச் சண்டை. பிடித்திருக்கிறதா என்று சுருட்டை கேட்டாள். இன்னும் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

இன்று மதியம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். எக்ஸ்ரே அறை காலியாக இருந்தது. இரண்டு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், நான் போகவில்லை. "படுத்துப் பாரேன், இப்பல்லாம் ரெண்டாந்தடவ எடுக்க வேண்டியதே இல்ல. எல்லாம் மேலயே பார்த்துட்டு அசையாம கிடக்குதுங்க" என்றாள். மேசையில் ஏறிப் படுத்தேன். முதுகில் ஜில்லென்றது.

மூன்று எண்ணுவதற்குள் கண் ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

"அக்கா, ரெண்டாவது வரிசை, இடமிருந்து நாலாவது. தலைகீழா ஒட்டியிருக்க."

"எங்க?"

"அங்க. கிளிப்போட வாய் பாதியில நிக்குது பாரு."

அவள் கழுத்தை வளைத்து, கண்ணைச் சுருக்கி, தேடித் தேடிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு முடியைக்கூடத் தவறவிடாதவள். "ரெண்டு மாசமா தினமும் பார்க்கறேன்டி," என்றாள். "எனக்குத் தெரியவே இல்லயே."

வெளியே அடுத்தவர் வந்துவிட்டார். அக்கா அவரை ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தத் தாளைத் திருப்பி ஒட்ட ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறப்போனாள். நான் அவளை நகரச் சொல்லி ஏறினேன். ஸ்டூல் ஆடியது. அக்கா கீழே பிடித்துக்கொண்டாள்.